புரோஸ்டேட் கதிர்வீச்சுக்குப் பிறகு வரும் குடல் தொல்லைகள்: தோட்டப்புற ஆண்களுக்கும் வீட்டாருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப்புற ஊரில், அறுபது வயதைத் தாண்டிய ஒருவருக்கு மலத்தில் ரத்தம் பட்டால் அவர் வாயிலிருந்து வரும் முதல் சொல் மூலம். இரண்டாவது, உடம்புச் சூடு. மருந்துக் கடையில் ஒரு டியூப் களிம்பு வாங்குவார், இரவில் வெந்தயம் ஊறப்போட்டுக் காலையில் குடிப்பார், மனைவியிடம்கூடச் சொல்ல மாட்டார். இரண்டு வருடத்துக்கு முன்னால் புரோஸ்டேட் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்ததை இதோடு சேர்த்துப் பார்க்கவே மாட்டார். அது முடிந்துபோன விஷயம், பி.எஸ்.ஏ. (புரோஸ்டேட் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) அளவும் இறங்கிவிட்டது, அப்புறம் என்ன?

நான் தோட்ட கிளினிக்கில் டிரஸ்சராக (மருத்துவ உதவியாளராக) இருந்து ஓய்வு பெற்றவன். இந்த மாதிரி ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் வாய்வழியாகச் சொல்லி வந்ததைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். புற்றுநோய் போனதே பெரிது, இதையெல்லாம் சகித்துக்கொள்ள வேண்டியதுதான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை. பெரும்பாலான தொல்லைகளுக்கு வழி இருக்கிறது. ஆனால் உங்களைப் பார்க்கிற டாக்டருக்கு நீங்கள் கதிர்வீச்சு எடுத்தவர் என்பது தெரிந்தால்தான் அந்த வழி திறக்கும்.

உள்ளே என்ன நடக்கிறது

புரோஸ்டேட் சுரப்பி சிறுநீர்ப்பைக்குக் கீழே, மலக்குடலுக்கு நேர் முன்னால் ஒட்டினாற்போல் இருக்கிறது. இப்போதுள்ள இயந்திரங்கள் குறி தவறாமல் அடிக்கின்றன. இருந்தாலும் மலக்குடலின் முன்பக்கச் சுவருக்குக் கொஞ்சம் கதிர் போகாமல் இருக்காது.

பாதிப்பு இரண்டு கட்டமாக வரும். குடலின் உள்தோல் சீக்கிரம் சீக்கிரமாகப் புதுப்பித்துக்கொள்ளும் தோல். கதிர் அந்த வேலையைத் தடுப்பதால், சிகிச்சையின் இரண்டாவது மூன்றாவது வாரத்திலேயே இளகிய மலம், அடிக்கடி போக வேண்டிய நிலை, சளி, வாயு, ஆசனவாய் எரிச்சல் எல்லாம் தொடங்கும். இது முதல் கட்டம். சிகிச்சை முடிந்து சில வாரங்களில் பெரும்பாலானவர்களுக்கு அடங்கிவிடும்.

இரண்டாவது கட்டம் வேறு மாதிரி. மாதங்கள் போகப் போக, கதிர் பட்ட சுவரில் உள்ள சின்ன ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. அதை ஈடுகட்ட மேல்பரப்பில் புதிதாக மெல்லிய குழாய்கள் முளைக்கின்றன. இறுகிய மலம் உரசினாலே அவை உடைந்து ரத்தம் வரும். சுவரும் தழும்பேறி விறைத்துப்போகும். முன்பு போல விரிந்து கொடுக்காததால், கொஞ்சம் மலம் சேர்ந்தாலே 'இப்போதே போ' என்று உந்தும். இது ஆறு மாதத்திலும் வரலாம், இரண்டு மூன்று வருடம் கழித்தும் வரலாம். இந்த இடைவெளிதான் ஆளை ஏமாற்றுகிறது.

படி 1: சிகிச்சைத் தாளைக் கையில் வைத்திருங்கள்

நம் பக்கத்து ஆட்கள் கதிர்வீச்சுக்கு ஈப்போ, பினாங்கு, கோலாலம்பூர் என்று எங்கெங்கோ அனுப்பப்படுகிறார்கள். சிலர் புத்ராஜெயாவில் உள்ள தேசியப் புற்றுநோய்க் கழகம்வரை போகிறார்கள். அங்கே உள்ள விவரம் உங்கள் ஊர் கிளினிக்கின் கோப்பில் இருக்கும் என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டாம்.

சிகிச்சை முடியும்போது ஒரு சுருக்கக் கடிதம் கேட்டு வாங்குங்கள். எந்த இடத்துக்குக் கொடுத்தார்கள், மொத்தம் எத்தனை கிரே (கதிர் அளவின் அலகு), எத்தனை முறை, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, இடுப்பு நிணநீர்க் கணுக்களையும் சேர்த்துக் கொடுத்தார்களா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். பழைய முறையில் 74 முதல் 78 கிரே, 37 முதல் 39 முறையாகப் பிரித்துக் கொடுப்பார்கள். இப்போது பல இடங்களில் 60 கிரே, 20 முறையில் 4 வாரத்தில் முடிந்துவிடுகிறது. உங்களுடையது எது என்பது பின்னால் பார்க்கப்போகும் டாக்டருக்கு முக்கியம். கடிதத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து, மகனுக்கோ மகளுக்கோ ஒன்று அனுப்பி வையுங்கள்.

எந்த டாக்டரைப் பார்த்தாலும், பல்லுக்குப் போனாலும்கூட, இந்த விவரத்தைச் சொல்லிவிடுங்கள். மலாயில் சொல்ல வேண்டியிருந்தால் இது போதும்: "டாக்டர், சாயா பெர்னா புவாட் ராடியோதெராப்பி புரோஸ்தாட். செக்காராங் புவாங் ஆயேர் பெசார் பெர்டாரா." புரோஸ்டேட்டுக்குக் கதிர்வீச்சு எடுத்திருக்கிறேன், இப்போது மலத்தில் ரத்தம் போகிறது என்று அர்த்தம். சொல்லக் கூச்சமாக இருந்தால் எழுதிக் காட்டுங்கள்.

படி 2: எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள்

சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறதா, அல்லது முடிந்து மூன்று மாதத்துக்குள் இருக்கிறீர்களா? அப்படியானால் தொல்லை இருப்பது எதிர்பார்த்ததுதான். சாப்பாடும் சில மருந்துகளும் பெரும்பாலும் போதும்.

மூன்று மாதம் தாண்டியும் அடங்கவில்லை, அல்லது நன்றாக இருந்துவிட்டுப் புதிதாகத் தொடங்கியிருக்கிறது என்றால், வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்த வேண்டாம். அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திருக்காமல் கிளினிக்குக்குப் போய்ச் சொல்லுங்கள்.

படி 3: ஒரு வாரம் எழுதி வையுங்கள்

டாக்டர் 'எப்படி இருக்கு?' என்று கேட்டால் நம் ஆட்கள் சொல்கிற பதில் 'பரவாயில்லை டாக்டர்'. அதோடு கதை முடிந்தது. அதனால் ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் எடுத்து ஒரு வாரம் குறித்து வையுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை முறை போனீர்கள், இரவில் எழுந்தீர்களா, மலம் தண்ணீரா இளகலா கட்டியா, ரத்தம் எவ்வளவு, துணியில் பட்டதா, அடக்க முடிந்ததா, அதற்கு முன் என்ன சாப்பிட்டீர்கள். இரவில் தூக்கத்தைக் கெடுத்து எழுப்புகிற பேதி என்றால் அதைத் தனியாகக் கோடிட்டுக் காட்டுங்கள்.

சாப்பிடும் மாத்திரைகளையும் பின்பக்கத்தில் எழுதுங்கள். நம் மக்களில் பாதிப் பேருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) இருக்கிறது போலத்தான் தோன்றுகிறது, அவர்களில் பலர் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார்கள். அந்த மாத்திரையே சிலருக்கு வயிற்றை இளக்கும். பழி முழுவதும் கதிர்வீச்சின் மேல் விழுந்துவிடக் கூடாது. ஆனால் நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேட்கலாம்.

படி 4: சிகிச்சை நடக்கும் நாட்களில்

ஒவ்வொரு முறையும் சிறுநீர்ப்பை நிறைந்தும் மலக்குடல் காலியாகவும் இருக்கச் சொல்வார்கள். காரணம் இருக்கிறது. நிறைந்த சிறுநீர்ப்பை சிறுகுடலை மேலே தள்ளி, கதிர் படும் இடத்திலிருந்து விலக்கி வைக்கும். மலக்குடலில் மலமோ வாயுவோ இருந்தால் புரோஸ்டேட் இடம் நகரும், குறி மாறும். எத்தனை கோப்பைத் தண்ணீர், எத்தனை நிமிடம் என்று உங்கள் மையம் சொன்னதை அப்படியே செய்யுங்கள். பக்கத்துப் படுக்கைக்காரர் சொன்ன கணக்கு வேண்டாம்.

சிகிச்சை இன்னும் தொடங்கவில்லை என்றால் ஒன்று கேட்டுப் பார்க்கலாம். புரோஸ்டேட்டுக்கும் மலக்குடலுக்கும் நடுவில் ஜெல் ஊசி போட்டு இரண்டையும் கொஞ்சம் தள்ளி வைக்கும் முறை ஒன்று உண்டு. சில மாதங்களில் அந்த ஜெல் தானாகக் கரைந்துவிடும். எல்லா இடத்திலும் கிடைக்காது, விலையும் அதிகம், எல்லாருக்கும் தேவையும் இல்லை. கேட்பதில் தவறில்லை.

படி 5: சாப்பாடு

வீட்டில் அதிகச் சண்டை நடக்கும் இடம் இது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வயிறு இளகியிருக்கும் வாரங்களில் நார் குறைந்த, காரம் குறைந்த, எண்ணெய் குறைந்த சாப்பாடு. குழைந்த சோறு, கஞ்சி, இட்லி, வெள்ளை ரொட்டி, அவித்த உருளைக்கிழங்கு, கேரட், முட்டை, அவித்த மீன், தோல் எடுத்த கோழி, வாழைப்பழம். மூன்று வேளை வயிறு முட்டச் சாப்பிடுவதை ஐந்தாறு சின்ன வேளையாகப் பிரியுங்கள். நிறைந்த வயிறு பெருங்குடலை உந்தும், சாப்பிட்ட கையோடு ஓட வேண்டிவரும்.

ஒட்டுக்கடைச் சாப்பாட்டில் கவனிக்க வேண்டியவை சில. நாசி லெமாக்கில் தேங்காய்ப்பால், பொரித்த கச்சான், சம்பால் மூன்றும் ஒரே பொட்டலத்தில் இருக்கிறது. ரொட்டி சானாயில் கொழுப்பு, தொட்டுக்கொள்ளப் பருப்பு. தே தாரிக்கில் தேயிலையின் காஃபின் ஒரு பக்கம், கெட்டிப் பால் இன்னொரு பக்கம். கதிர் பட்ட குடலுக்குப் பால் சர்க்கரை சில காலம் செரிக்காமல் போகலாம். இரண்டு வாரம் பாலை நிறுத்திப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) இளசாகக் குடியுங்கள், தெரியாவிட்டால் பாலைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள். திரி இன் ஒன் கோப்பியும் இதே கணக்குத்தான்.

கள், பீர், சம்சு மூன்றும் வயிற்றைக் கலக்கும். 'ஒரு கிளாஸ் கள்ளு குளிர்ச்சி' என்று சொல்கிறவர்களோடு வாதாடிப் பயனில்லை, நீங்கள் குடிக்காமல் இருங்கள்.

பெத்தாய், முட்டைக்கோஸ், பருப்பு, கொண்டைக்கடலை, பலா, டுரியான் வாயுவைக் கூட்டும். நவராத்திரிச் சுண்டலைக் கையில் வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டு பேரப்பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள், அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். சர்க்கரை இல்லாத சூயிங்கம், மிட்டாய்களில் போடும் சார்பிட்டால் என்ற இனிப்பும் பேதியை உண்டாக்கும்.

சிவப்பு டிராகன் பழம் சாப்பிட்டால் மறுநாள் மலம் ரத்தம் போலவே சிவந்து போகும். பீட்ரூட்டும் அப்படித்தான். அதைப் பார்த்து அரண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்கள் உண்டு. நேற்று என்ன சாப்பிட்டோம் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். அதே போல, இரும்புச்சத்து மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கும்.

சூடு, குளிர்ச்சி விஷயம். கதிர்வீச்சு உடம்பைச் சூடாக்கிவிட்டது, குளிர்ச்சியாகச் சாப்பிட்டால் தணியும் என்று பலர் நம்புகிறார்கள். இளநீர் ஒன்று குடிப்பதில் கெடுதல் இல்லை. நாளைக்கு நான்கைந்து குடித்தால் வயிறு இளகும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பொட்டாசியம் ஏறும். நீர் மோர் பாலைவிடச் சிலருக்கு ஒத்துக்கொள்ளும். வெந்தயத்தில் கரையும் நார் இருக்கிறது, அளவாக எடுக்கலாம். இனிப்பு நீர் மாத்திரை சாப்பிடுகிறவர் சர்க்கரை அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் விளக்கெண்ணெய் குடித்து வயிற்றைச் சுத்தம் செய்வது, எனிமா, பெயர் தெரியாத மூலிகை லேகியம், ஜாமு இவற்றின் பக்கம் போக வேண்டாம். மூலத்துக்கான நாட்டு மருந்தைப் பின்பக்கமாக உள்ளே செலுத்துவது எல்லாவற்றிலும் ஆபத்து. கதிர் பட்ட சுவரில் புண் ஏற்பட்டால் ஆறுவது கஷ்டம்.

வயிறு அடங்கியதும் இந்தப் பத்தியச் சாப்பாட்டை விட்டுவிட வேண்டும். வருடக்கணக்கில் கஞ்சியும் வெள்ளைச் சோறுமாக இருந்தால் மலச்சிக்கல் வரும், இனிப்பு நீர் ஏறும். மலம் இறுகி முக்கினால் அந்த மெல்லிய ரத்தக் குழாய்கள் உடையும். காய்கறி, பழம், முழுத் தானியம் என்று ஒவ்வொன்றாக, சில நாட்களுக்கு ஒன்றாகத் திரும்பச் சேருங்கள். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று நோட்டுப் புத்தகம் காட்டிக் கொடுக்கும்.

விரதம் இருப்பவர்கள் கவனிக்க: நாள் முழுக்கப் பட்டினி இருந்துவிட்டு மாலையில் இலை நிறையச் சாப்பிட்டால் குடல் தாங்காது. தைப்பூச விரதத்தைச் சைவமாக, வேளை தவறாமல் சாப்பிட்டே இருக்கலாம்.

படி 6: மருந்துகள்

தண்ணீராகப் போகும்போது முதல் வேலை, இழந்த உப்பையும் நீரையும் திருப்பிக் கொடுப்பது. கிளினிக்கில் உப்புச் சர்க்கரைப் பொட்டலம் கிடைக்கும். கையில் இல்லையென்றால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் 6 மட்டத் தேக்கரண்டி சீனி, அரை மட்டத் தேக்கரண்டி உப்பு. அளவு மாறக் கூடாது. இருதயம் அல்லது சிறுநீரக நோய்க்காகத் தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தால் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பேதியை நிறுத்தும் மாத்திரை லோப்பெராமைடு, இமோடியம் என்ற பெயரில் பலருக்குத் தெரியும். ஒரு மாத்திரை 2 மில்லிகிராம். இதை எல்லாரும் பேதி ஆன பிறகுதான் எடுக்கிறார்கள். கதிர்வீச்சுக்குப் பிறகு வரும் அவசரத்துக்குச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் எடுப்பதுதான் நன்றாக வேலை செய்யும். கல்யாணத்துக்கோ கோயிலுக்கோ போகும் நாளில் காலைப் பசியாறலுக்கு முன் ஒன்று எடுத்துக்கொண்டு நிம்மதியாகப் போய்வருகிறவர்கள் இருக்கிறார்கள். நாளுக்கு எத்தனை என்பதை டாக்டரோ பார்மசிஸ்டோ சொல்லட்டும். அளவுக்கு மீறினால் இருதயத் துடிப்பைப் பாதிக்கும். காய்ச்சலோடு ரத்தப் பேதி என்றால் இதைத் தொடவே வேண்டாம்.

இசப்கோல் உமி, நம் ஊர் மளிகைக் கடையிலும் பார்மசியிலும் கிடைப்பது. இது தண்ணீரை உறிஞ்சி ஊதும். அதனால் இளகிய மலத்தைத் திரட்டும், இறுகியதை மிருதுவாக்கும். மலம் முழுவதும் போகாமல் பின்னால் கசிகிறவர்களுக்கு மிகவும் உதவும். நாளுக்கு ஒரு தேக்கரண்டியில் தொடங்கி, ஒரு வாரம் பார்த்துவிட்டுக் கூட்டுங்கள். ஒரு பெரிய கிளாஸ் தண்ணீரில் கலந்து உடனே குடிக்க வேண்டும். தண்ணீர் போதாவிட்டால் உள்ளே கட்டிக்கொள்ளும். படுக்கப் போகும் முன் வேண்டாம். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

படி 7: அவசரமும் கசிவும்

உந்துதல் வந்தவுடன் ஓடினால் வழியிலேயே போய்விடும். ஓட்டம் வயிற்றை அழுத்துகிறது. மாறாக, நின்ற இடத்தில் நில்லுங்கள், முடிந்தால் உட்காருங்கள். வாயு வெளியேறாமல் அடக்குவது போல ஆசனவாயை இறுக்கி, மூச்சை மெதுவாக விடுங்கள். உந்துதல் அலை போல ஏறி இறங்கும். இறங்கிய பிறகு நடந்து போங்கள். தொடக்கத்தில் அரை நிமிடம் தாக்குப் பிடித்தாலே போதும், நாளடைவில் கூடும்.

அதே தசைக்குத் தினப் பயிற்சி: இறுக்கி ஐந்து எண்ணும்வரை பிடித்து, அதே அளவு தளர்த்துங்கள். பிட்டத்தையோ வயிற்றையோ தொடையையோ இறுக்கக் கூடாது, மூச்சைப் பிடிக்கக் கூடாது. பத்து முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. மெதுவாகப் பத்து எண்ணும்வரை கொண்டுபோங்கள். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். ஒரு வாரம் செய்துவிட்டு 'ஒன்றும் நடக்கவில்லை' என்பவர்கள்தான் அதிகம். சரியாகச் செய்கிறோமா என்று சந்தேகம் இருந்தால் பிசியோதெராப்பிக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

கழிப்பறையில் பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார வேண்டாம். உள்ளே ஒன்றும் இல்லாமலே 'இன்னும் இருக்கிறது' என்று தோன்றுவது இந்தப் பாதிப்பின் ஒரு குணம். அதை நம்பி முக்க முக்க வீக்கமும் ரத்தமும்தான் மிஞ்சும். தோட்ட வீடுகளில் உள்ள குந்தும் கழிப்பறை மலம் கழிக்க வசதியானதுதான், முழங்கால் ஒத்துழைக்க வேண்டும். உட்காரும் கழிப்பறை என்றால் காலுக்குக் கீழே ஒரு சின்ன முக்காலி போட்டு முழங்காலை உயர்த்திக்கொள்ளுங்கள்.

படி 8: தோல்

காகிதத்தால் தேய்க்காதீர்கள். ரப்பர்க் குழாயை அதிக வேகத்தில் திறக்காமல் மெதுவாக நீர் விட்டுக் கழுவி, பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு ஜிங்க் களிம்போ வாசலினோ மெல்லிசாகத் தடவலாம். சிகிச்சை நடக்கும் நாட்களில் எதைத் தடவுவதானாலும் அங்குள்ள தாதியரைக் கேளுங்கள். டெட்டால் கலந்த தண்ணீர், முகப் பவுடர், கோடாலித் தைலம் எதுவும் அந்த இடத்துக்கு ஆகாது.

படி 9: ரத்தம்

கதிர்வீச்சுக்குப் பிறகு வரும் ரத்தம் பெரும்பாலும் பளிச்சென்ற சிவப்பாக, மலத்தின் மேல் படிந்தோ கழுவும்போதோ தெரியும். கொஞ்சமாக, எப்போதாவது வருவது பலருக்கு மருந்தில்லாமலே காலப்போக்கில் குறைந்துவிடும். அப்படியென்றால் ஏன் டாக்டரிடம் போக வேண்டும்? ஏனென்றால் மூலமும் இப்படித்தான் ரத்தம் விடும், பெருங்குடல் புற்றுநோயும் இப்படித்தான் விடும். கண்ணால் பார்த்துப் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. உள்ளே குழாய் விட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

அந்தக் குழாய்ப் பரிசோதனைக்குப் போகும் நாளில்தான் முதல் படியில் சொன்ன தாள் மிக அவசியம். கதிர் பட்ட மலக்குடலின் முன்சுவரிலிருந்து பரிசோதனைக்காகச் சதைத் துணுக்கு வெட்டி எடுத்தால் அந்தக் காயம் ஆறாமல் புண்ணாகி, ஓட்டைவரை போகலாம். அதனால் விவரம் தெரிந்த டாக்டர்கள் அந்த இடத்தில் அவசியம் இல்லாமல் வெட்ட மாட்டார்கள். மூலத்துக்கு ரப்பர் வளையம் போடுவது, ஊசி போடுவது, அறுவை செய்வது எல்லாவற்றுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. குழாய் விடப்போகிறவரிடம் நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள்: "ஐயா, இந்த இடத்துக்குக் கதிர்வீச்சு கொடுத்திருக்காங்க."

ரத்தம் அடிக்கடி வந்தால் செய்யக்கூடியவை:

மலத்தை மிருதுவாக வைத்துக்கொள்வது எல்லாவற்றுக்கும் அடிப்படை. ரத்தப் பரிசோதனையில் ரத்தசோகை தெரிந்தால் இரும்புச்சத்து கொடுப்பார்கள். சுக்ரால்ஃபேட் என்ற மருந்தைத் தண்ணீரில் கரைத்து மலக்குடலுக்குள் செலுத்தும் முறை உண்டு. அது புண்ணின் மேல் ஒரு பூச்சு போலப் படியும். வீட்டிலேயே செய்துகொள்ளக் கற்றுக் கொடுப்பார்கள். அதற்கும் அடங்காவிட்டால் குழாய் வழியாக ஆர்கான் வாயுவைக் கொண்டு ரத்தக் குழாய்களைச் சுட்டு அடைப்பார்கள். ஒரே முறையில் முடியாமல் போகலாம், புண் ஏற்படும் வாய்ப்பும் உண்டு. அதனால் ரத்தம் அன்றாட வாழ்க்கையைக் கெடுக்கும் அளவுக்கு இருக்கும்போதுதான் செய்வார்கள்.

அழுத்தப்பட்ட ஆக்சிஜன் அறையில் உட்கார வைக்கும் சிகிச்சையைப் பற்றியும் கேள்விப்படுவீர்கள். லூமுட் ராணுவ மருத்துவமனையில் அந்த வசதி இருக்கிறது. நாள்பட்ட குடல் பாதிப்புக்கு அது உதவுகிறதா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. 2016-இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில் பலன் தெரியவில்லை. கையில் உள்ள பணத்தை அதில் போடும் முன் உங்கள் நிபுணரைக் கேளுங்கள்.

ஆஸ்பிரின், குளோப்பிடோகிரெல், வார்ஃபரின் போன்ற ரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தம் அதிகம் வரும். அதற்காக நீங்களே நிறுத்தினால் மாரடைப்போ பக்கவாதமோ வந்து சேரலாம். யார் எழுதிக் கொடுத்தாரோ அவரிடம் போங்கள்.

எதற்கு உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்? கட்டி கட்டியாக ரத்தம், நிற்காத ரத்தம், தலைசுற்றல் மயக்கம். இரும்பு மாத்திரை இல்லாமலே தார் போன்ற கறுப்பு மலம். காய்ச்சலும் கடும் வயிற்று வலியும். வயிறு உப்பி, வாயுகூடப் போகாமல் வாந்தி. சிறுநீரோடு காற்றோ மலமோ வருவது, அல்லது பின்வழியே சிறுநீர் வருவது. இன்னொன்று இருக்கிறது, குடலோடு யாரும் சேர்த்து நினைக்காதது: திடீரென்று மலம் சிறுநீர் கட்டுப்பாடு போய், அதோடு கால் பலவீனம், முதுகு வலி, உட்காரும் இடத்தில் மரத்துப்போதல் இருந்தால், புற்றுநோய் முதுகெலும்பில் பரவித் தண்டுவடத்தை அழுத்துகிறதோ என்று பார்க்க வேண்டும். மறுநாள் காலை வரை காத்திருந்தால் கால் திரும்பக் கிடைக்காமல் போகலாம்.

படி 10: மாதக்கணக்கில் நீளும் பேதி

கதிர்வீச்சுக்குப் பிறகு வரும் பேதிக்கு ஒரே காரணம் இருப்பதில்லை. முக்கியமாக, இடுப்பு நிணநீர்க் கணுக்களுக்கும் கதிர் கொடுத்திருந்தால் சிறுகுடலும் பாதிக்கப்பட்டிருக்கலாம். அதன் கடைசிப் பகுதி பித்த உப்புகளை உறிஞ்சிக்கொள்ளத் தவறினால் அவை பெருங்குடலுக்குள் இறங்கி எரிச்சலூட்டும். வெளிறிய, மிதக்கிற, எண்ணெய்ப் பிசுக்கான, தண்ணீர் ஊற்றினாலும் போகாத மலம் அதன் அறிகுறி. கொலெஸ்டிரமின் என்ற தூள் மருந்து அந்த உப்பைப் பிடித்துக்கொள்ளும். அதே பகுதிதான் பி12 வைட்டமினையும் உறிஞ்சுகிறது, அதையும் பரிசோதிக்கச் சொல்லலாம். சிறுகுடலில் கிருமிகள் பெருகி வயிறு உப்பும் நிலைக்கு ஆண்டிபயாடிக் கொடுப்பார்கள். சிலருக்குப் பால் ஒவ்வாமை, சிலருக்குத் தைராய்டு, சிலருக்குக் கணையம்.

2013-இல் பிரிட்டனில் வெளிவந்த ஓர் ஆய்வு இதில் தெளிவைக் கொடுத்தது. கதிர்வீச்சுக்குப் பிறகு குடல் தொல்லை உள்ளவர்களை ஒவ்வொரு அறிகுறிக்கும் வரிசையாகப் பரிசோதித்து மருந்து கொடுத்தபோது, வெறும் விளக்கக் கையேடு கொடுத்து அனுப்பியவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். பயிற்சி பெற்ற தாதி பார்த்தாலும் பலன் கிடைத்தது. ஆகவே 'கதிர்வீச்சு எடுத்தால் அப்படித்தான்' என்று யாராவது கையை விரித்தால், குடல் நிபுணரிடம் அனுப்பக் கடிதம் கேளுங்கள். அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளி (ரிங்கிட்), நிபுணர் கிளினிக்கில் 5 வெள்ளி. காத்திருக்கும் காலம்தான் நீளம். அதனால்தான் சீக்கிரம் கேட்கச் சொல்கிறேன்.

படி 11: வெளியூர், வேலை, பணம்

பரிசோதனைக்குக் கோலாலம்பூருக்கோ பட்டர்வொர்த்துக்கோ போவதென்றால் பஸ்ஸை விட ரயில் மேல். சுங்கை சிப்புட்டில் நிற்கும் இ.டி.எஸ். ரயிலில் கழிப்பறை இருக்கிறது, நடைவழி ஓரத்து இருக்கையாகக் கேளுங்கள். காரில் போனால் தாப்பா, உலு பெர்ணம், ராவாங் ஓய்விடங்களை மனத்தில் வைத்து நேரம் கணக்கிடுங்கள். கைப்பையில் ஒரு கைலி, மாற்று உள்ளாடை, ஈரத் துணி, பிளாஸ்டிக் பை, இரண்டு பம்பர்ஸ். பம்பர்ஸ் என்றால் கௌரவம் போய்விடும் என்று நினைக்கும் ஆண்கள், கல்யாண மண்டபத்துக்கே போகாமல் வீட்டில் அடைந்து கிடக்கிறார்கள். வேட்டிக்குள் என்ன இருக்கிறதென்று யார் பார்க்கப்போகிறார்கள்? வீட்டுப் பெண்களிடம் சொல்லிவிடுங்கள். எந்த மண்டபத்தில் கழிப்பறை எந்தப் பக்கம் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

விடியற்காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர், செம்பனைக் குலை தூக்குகிறவர் இருவருக்கும் கஷ்டம் வேறு வேறு. பால் வெட்டுகிறவர் கழிப்பறை இல்லாத இடத்தில் மணிக்கணக்கில் நிற்கிறார். கொஞ்சம் முன்னாலேயே எழுந்து, ஏதாவது சாப்பிட்டு, இருபது முப்பது நிமிடம் காத்திருந்து கழிப்பறைக்குப் போய்விட்டுக் கிளம்பினால் பாதிப் பிரச்சினை தீரும். குலை தூக்குகிறவர் மூச்சைப் பிடித்துத் தம் கட்டித் தூக்கினால் கசியும், ரத்தமும் வரலாம். தசையை இறுக்கி, மூச்சை விட்டபடி தூக்க வேண்டும். முடியாதென்றால் எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுத்து எடுத்து நாளைக் கழிப்பதைவிட, டாக்டரிடம் லைட் டியூட்டி கடிதம் கேட்டுக் கிராணியிடம் கொடுப்பது நல்லது. இனி வேலையே செய்ய முடியாத நிலை என்றால் பெர்கேசோவின் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) இயலாமைத் திட்டத்தைப் பற்றி விசாரியுங்கள்.

குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசாங்கத்தின் பெக்கா பி40 சுகாதார உதவித் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையை முடிப்பதற்கு ஒரு தொகையும், போக்குவரத்துக்கு ஒரு தொகையும் உண்டு. யாருக்குத் தகுதி, எவ்வளவு என்ற விதிகள் அவ்வப்போது மாறும். ஆஸ்பத்திரியில் உள்ள சமூகநல அதிகாரியைப் பார்த்துக் கேளுங்கள். கதிர்வீச்சு தொடங்கும் முன்பே, முதல் நாள் சந்திப்பிலேயே கேட்டுப் பாரத்தை வாங்கிவிடுங்கள். எல்லாம் முடிந்த பிறகு போனால் கிடைக்காமல் போகலாம்.